கொடி மாறிய அடுப்பு

"சாமான் செட்டெல்லாம் நீயே பாத்து வாங்கு, பச்சை. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா அடுப்பு விசயத்துல மட்டும் நீ வாயத் தெறக்கக் கூடாது. அது தர்மராசு பொறுப்பு. ஆமா... இப்பவே சொல்லிப்புட்டேன்!"

சனிக்கிழமைப் பொழுது இன்னும் விடிந்தபாடில்லை. அதற்குள் மருதாயியின் குரல் விடிந்துவிட்டது. கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்த பச்சையம்மாளின் கை அப்படியே நின்றது.

அடுப்பு விஷயத்தில் அவள் வாய் திறக்கக் கூடாதாம்! இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வீட்டு அடுப்போடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். புருஷன் நல்லுசாமியோடு பேசியதைவிட அடுப்போடு பேசியதுதான் அதிகம். நல்லுசாமியோடு யாராலும் அதிகம் பேசிவிட முடியாது என்பது வேறு விஷயம். அந்த மனிதர் வாயைத் திறப்பதே மாட்டை அதட்டத்தான்.

"ஏன் அத்தை... நான் பாத்தா ஆகாதா?"

"ஆகாதுன்னா ஆகாது. கேள்வி என்ன கேள்வி? கெளம்பு, பஸ்ஸு போயிடும்!"

மருதாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். மாமியார் போன திசையையே பார்த்தபடி நின்றாள் மருமகள். கூழில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்திருக்கும். உப்பு சரியாக இருக்கிறதென்றுதான் ஏர்க்காரர்கள் அன்றைக்குச் சொன்னார்கள்.

கல்லங்குறிச்சியில் அவர்களுடைய பழைய கூரை வீட்டை ஒட்டியே புது ஓட்டு வீடு எழும்பியிருந்தது. யுத்தம் முடிந்து, மரமும் ஓடும் மறுபடி கண்ணில் பட ஆரம்பித்ததும் நல்லுசாமி கடைக்கால் தோண்டிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதென்று நாளும் குறித்தாயிற்று. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டு அடுப்பில் முதல் பால் எவள் கையால் பொங்குகிறதோ அவள்தான் அந்த அடுப்படிக்கு எஜமானி. மற்றவர்கள் கைவேலை செய்யலாம், காய் நறுக்கலாம். குழம்புக்கு உப்புப் போதுமா என்று தீர்ப்புச் சொல்வது அவள் நாக்குத்தான்.

அந்தக் கை யாருடையது என்று மருதாயி இதுவரை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டாள் என்றே பச்சையம்மாளுக்குப் பட்டது. அடுப்பு தர்மராஜ் பொறுப்பென்றால் அடுப்படி தர்மராஜ் பெண்டாட்டிக்கு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பா படிக்க வேண்டும்?

தர்மராஜ் அவளுடைய கொழுந்தன். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அரைஞாண் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தவன். அவளுக்குப் பிறந்த மகளுக்கு முன்னால் அவள் இடுப்பில் ஏறியவன். மகள் ஜெயங்கொண்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். தர்மராஜ் படித்து, அரியலூரில் ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாகி, போன ஆவணியில் பெரம்பலூர்ப் பெண் கிருஷ்ணம்மாளைக் கட்டிக்கொண்டான். கிருஷ்ணம்மாள்மேல் பச்சையம்மாளுக்குக் கோபமே இல்லை. சிறுசு, கலகலவென்று பேசுகிற பெண், அவ்வளவுதான். ஓட்டை வாய் என்பதால் வீட்டு ரகசியம் எதையும் அவளிடம் சொல்ல மாட்டார்கள்.

பச்சையம்மாளை வாட்டியது, அடுப்படி தன் கையைவிட்டுப் போவதற்கான காரணம்தான். அந்தக் காரணம் தன்னுடைய இடது கை என்று அவள் நினைத்தாள்.

பிறவியிலேயே அவள் நொட்டாங்கைக்காரி. பிறந்த வீட்டில் அது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றவில்லை. புகுந்த வீட்டில் முதல் விருந்தன்றே வந்தது வினை. பந்தியில் இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் ஊற்றினாள். மாமியாருக்கு இடது கையாலேயே தண்ணீர் நீட்டினாள். மருதாயி அந்தச் செம்பைத் தட்டிவிட்டாள். சபை சிரித்தது. மறுநாள் முதல், பழைய சேலைக் கிழிசல் ஒன்றால் மருமகளின் இடது மணிக்கட்டை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் அடுப்படிக்குள் அனுப்பினாள். "பழகணும்டி! சோத்தாங்கையால ஆக்குன சோறுதான் இந்த வூட்டுல எறங்கும்!"

ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது பழகாத வலது கை தடுமாறி, கொதிக்கிற கஞ்சி முழங்கைவரை கொட்டியது. ஊரே கூடிக் கேட்டபோது, "கால் வழுக்கிடுச்சு" என்றாள் பச்சையம்மாள். கட்டை யாரும் பார்ப்பதற்குள் மருதாயி அவிழ்த்துவிட்டிருந்தாள். அதன் பிறகு கட்டவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. வலது கை பழகிவிட்டது. தழும்பும் பழகிவிட்டது.

பச்சையம்மாள், தர்மராஜ், கிருஷ்ணம்மாள் மூவரையும் அரியலூர்வரை நல்லுசாமி வண்டியில் கொண்டுவந்து விட்டார். "நாளைக்கு மத்தியானம் இங்கயே நிக்கிறேன்" என்றார். அன்றைய பேச்சு அதோடு தீர்ந்தது.

பெரம்பலூர் பஸ், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து வரும் வாயுவில் ஓடுகிற பஸ். பின்புறம் பீப்பாய் மாதிரி ஓர் உலை. ஒரு மேட்டில் ஏற மாட்டேனென்று அது பெருமூச்சு விட்டு நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் இரும்புக் கம்பியால் உலையைக் கிளறி, விசிறியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார். முகமெல்லாம் கரி.

"என்னக்கா இது, பஸ்ஸுக்கும் அடுப்புதானா!" என்று சிரித்தாள் கிருஷ்ணம்மாள்.

"இந்த அடுப்புல காத்துப் போற வழி அடைச்சிருக்கு" என்றாள் பச்சையம்மாள். உடனே கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "இதைப் பத்தியாவது நான் வாயத் தெறக்கலாமா தம்பி?"

தர்மராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணி... அது வந்து... ஆத்தா என்ன சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தாயார் கல்லங்குறிச்சிப் பெருமாள்மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். "நேரமாச்சு, ஏறுங்க" என்றான். பஸ்ஸே இன்னும் கிளம்பவில்லை.

பெரம்பலூரில் இறங்கியதும் பச்சையம்மாளுக்கு வருத்தப்பட நேரமே கிடைக்கவில்லை. பாத்திரக் கடையில் அடுக்கடுக்காகப் பித்தளை! யுத்த காலத்தில் கண்ணிலேயே காட்டாத தவலையும் குண்டானும் அண்டாவும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். ஒரு தவலை ணங்கென்றது. இன்னொன்று தொண்டை கட்டினவன் மாதிரி கரகரத்தது.

"இதுல விரிசல் இருக்குங்க. ஈயத்தை வழிச்சுப் பூசி மறைச்சிருக்கீங்க."

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, இனிமே நான் எடுத்துக் காட்டல. நீங்களே உள்ள வந்து எடுத்துக்குங்க."

கிருஷ்ணம்மாளுக்கு ஆசை வேறு திசையில் ஓடியது. அலுமினியப் பாத்திரம் வேண்டும், இழுப்பறை வைத்த நிலைக்கண்ணாடி வேண்டும், மடக்கு நாற்காலி வேண்டும், பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வேண்டும்!

"ஏண்டி, வெளக்கேத்தவே ரேஷன்ல எண்ணெய் இல்ல. ஸ்டவ்வுக்கு என்ன உங்கப்பா வூட்டுக் கெணத்துலேருந்து எறைப்பியா?"

"அக்கா, வாங்கி வச்சா அழகா இருக்கும்க்கா!"

"அழகுக்கு நீ இருக்க, போதும்."

தர்மராஜ் வெட்கத்தில் கூரையைப் பார்த்தான். கடையே சிரித்தது. அடுத்த கடையில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் வைக்கோலுக்குள்ளிருந்து பீங்கான் ஜாடிகளை எடுத்து வைத்தார். "கப்பல்ல வந்த சரக்கும்மா. உங்க பேரப்புள்ளைங்க காலத்துக்கும் இன்ஷா அல்லா ஒடையாது" என்றார். நார்த்தங்காய்க்கு ஒன்று, மாவடுவுக்கு ஒன்று என்று பச்சையம்மாள் இரண்டை அணைத்துக்கொண்டாள். மடக்கு நாற்காலியும் வாங்கினார்கள். அதில் மருதாயி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கிருஷ்ணம்மாள் கடைக்குள்ளேயே நடித்துக் காட்டினாள். முந்தானையை உதறி, மோவாயைத் தூக்கி, "இப்பவே சொல்லிப்புட்டேன்!" என்றாள். பச்சையம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

துடைத்துக்கொள்ளும்போதுதான் நினைவு திரும்பியது. இந்தத் தவலையில் உலை வைக்கப்போவது யார்? இந்த ஜாடியைத் திறக்கப்போவது யார்?

'இருக்கட்டுமே... சிறுசு, நல்லா இருக்கட்டும்' என்று மனசுக்குச் சொன்னாள். மனசு லேசில் கேட்கவில்லை. இரண்டு தரம் சொன்ன பிறகு கொஞ்சம் கேட்டது.

இரவு கிருஷ்ணம்மாளின் பிறந்த வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் அரியலூர் திரும்பினார்கள். அம்மி, ஆட்டுக்கல், முறம், பிரம்புக் கூடை எல்லாம் வாங்கியாயிற்று. நல்லுசாமி சொன்ன இடத்தில் வண்டியோடு நின்றார். மீதி இருந்தது ஆசாரியிடம் சொல்லி வைத்திருந்த பெஞ்சும், பானைக்காரர் சாமிக்கண்ணு வேளார் வீட்டிலிருந்த அடுப்பும்.

"நானும் அண்ணனும் பெஞ்சைத் தூக்கியாந்துடுறோம். நீங்க வேளார் வூட்டுல போயி உக்காந்திருங்க. அடுப்பை எடுத்து வைக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான். அண்ணி... வேற ஒண்ணும்..." என்று இழுத்தான் தர்மராஜ்.

"வாயத் தெறக்கல தம்பி. போயிட்டு வா."

சூளைப் புகை வாசனையும் ஈர மண் வாசனையுமாக இருந்தது வேளார் வீட்டு முற்றம். சாமிக்கண்ணு உள்ளேயிருந்து அடுப்பைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். கொடியடுப்பு. பெரிய கண்ணில் உலை கொதிக்கும். அதன் அனல் உள்வழியாகப் போய்ப் பக்கத்துச் சின்னக் கண்ணில் குழம்பைக் காய்ச்சும். அந்தச் சின்னக் கண்தான் கொடி.

பச்சையம்மாள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

அவர்கள் பக்கத்து அடுப்புகளில் கொடி, சமைக்கிறவளுக்கு இடப்பக்கம் இருக்கும். உலை வலது கைக்கு நேராக இருக்கும். இதில் எல்லாம் தலைகீழ். கொடி வலப்பக்கம், உலை இடப்பக்கம்.

"என்னங்க வேளாரே இது? கொடி மாறிக் கெடக்கு?"

"என்னைக் கேட்டா? உங்க தம்பிதான் வந்து இப்பிடித்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. 'ஐயா, எங்கப்பன் பாட்டன் காலத்துலேருந்து இப்பிடி ஒரு அடுப்பை எவளும் கேட்டதில்ல'ன்னேன். கேக்கலியே! படிச்ச புள்ள, நான் என்னத்தச் சொல்றது?"

பச்சையம்மாள் அடுப்பின் முன் குந்தினாள். சும்மா பார்க்கத்தான் குந்தினாள். இடது கை தானாகவே எழுந்து உலை இருக்கவேண்டிய இடத்துக்குப் போனது. இல்லாத கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. வலது கை கொடிப்பக்கம் சும்மா ஒரு மூடியைத் திறப்பதுபோல் போய் வந்தது. எதுவும் இடிக்கவில்லை. எதற்கும் எட்டிக் குனிய வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஓர் அடுப்பு அவளைப் பார்த்து 'வா' என்றது.

எவ்வளவு நேரம் அப்படியே குந்தியிருந்தாளோ! கிருஷ்ணம்மாள் தோளைத் தொட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

'இது அவளுக்குடி' என்று உள்ளே ஒரு குரல் இடித்தது. கிருஷ்ணம்மாள் சோத்தாங்கைக்காரி. இந்த அடுப்பில் அவள் உலையைக் கிண்ட வேண்டுமென்றால் கொதிக்கிற கொடிக்கு மேலேயே கையை நீட்ட வேண்டும். விளையாட்டுப் பெண், ஒரு நிமிஷம் அசந்தால் போதும்.

"எங்க, நீ குந்து" என்றாள். கிருஷ்ணம்மாள் குந்தினாள். "உலையைத் துழாவு." கை கொடிக்கு மேலே போனது. "பாத்தியா? ஆவி அடிக்கும். சேலை தொங்கும். கை வெந்துடும்டி..."

பச்சையம்மாள் தன் ரவிக்கைக் கையை மேலே தள்ளி, வலது முழங்கையைக் காட்டினாள். கிருஷ்ணம்மாள் அந்தத் தழும்பை அதற்கு முன் சரியாகப் பார்த்ததே இல்லை.

"இது எப்பிடிக்கா?"

"கைக்கு ஒவ்வாத வேலையை அந்தக் கை செஞ்சா இப்பிடித்தான் ஆவும்." அதற்குமேல் அவள் விளக்கவில்லை. "வேளாரே, இதை எடுத்து வச்சுட்டு, கொடி இடப்பக்கம் இருக்குற அடுப்பாக் குடுங்க. தம்பி வெவரம் தெரியாம சொல்லிட்டான்."

"அக்கா, அத்தை அடுப்பு விசயத்துல உங்கள..."

"திட்டட்டும். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம். வேக்காடு வாங்கி உனக்குப் பழக்கமா?"

வேளாருக்கும் மெத்தத் திருப்தி. நல்ல அடுப்பாக ஒன்றை எடுத்து, வைக்கோலைச் சுற்றிப் பிரிக்கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார். பெஞ்சோடு வந்த தர்மராஜ் வைக்கோல் பொதியைத் தட்டிப் பார்த்து, "அடுப்பு வந்துடுச்சா? அப்பாடா!" என்று சந்தோஷப்பட்டான். பாவம்.

வழியெல்லாம் கிருஷ்ணம்மாள் பச்சையம்மாளின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசவில்லை.

பொழுது சாயும் நேரம் வண்டி கல்லங்குறிச்சிக்குள் நுழைந்தது. புது வீட்டு வாசலிலேயே மருதாயி காத்துக்கொண்டிருந்தாள். பித்தளையைப் பார்க்கவில்லை, பீங்கானைப் பார்க்கவில்லை, தனக்கென்று வந்த மடக்கு நாற்காலியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுப்பை எறக்குடா மொதல்ல! மண்ணு கொழைச்சு வச்சிருக்கேன், இன்னிக்கே பதிச்சுடணும்."

தர்மராஜ் பொதியை இறக்கி வைக்கோலைப் பிரித்தான். பிரித்தவன் முகம் மாறியது. அடுப்பை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். சுற்றிவிட்டால் கொடி இடம் மாறிவிடும் என்பதுபோல் இன்னொரு தரமும் திருப்பினான்.

"ஆத்தா... நான் சொன்னது இது இல்ல..."

"எவடா மாத்துனது?"

"நான்தான் அத்தை" என்று முன்னால் வந்தாள் பச்சையம்மாள்.

"அடிப்பாவி! படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! அடுப்பு விசயத்துல வாயத் தெறக்காதேன்னு காலங்காத்தால சொல்லித்தானே அனுப்புனேன்! என் பேச்சுக்கு இந்த வூட்டுல அம்புட்டுத்தான் மதிப்பா?"

இருபது வருஷமாகப் பச்சையம்மாள் உள்ளே அழுத்தி மூடி வைத்திருந்தது கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

"தெறந்தேன் அத்தை... தெறந்தேன்! இத்தனை வருசத்துல உங்கள எதுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? இன்னிக்குப் பேசுறேன். என் கையைக் கட்டுனீங்க, கட்டிக்கிட்டேன். வெந்துச்சு... கால் வழுக்கிடுச்சுன்னு ஊருக்குப் பொய் சொன்னேன். போவட்டும்! அதுக்காக இந்தச் சின்னப் புள்ள கையும் வேகணுமா? அடுப்படியை அவளுக்கே குடுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்... நான் அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துக்கிட்டுக் கெடக்குறேன். ஆனா குடுக்குறது அவ கைக்கு ஏத்த அடுப்பாக் குடுங்க!"

"ஆமா அத்தை!" என்று கிருஷ்ணம்மாளும் விம்மினாள். "எனக்காகத்தான் அக்கா மாத்துனாங்க... அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க!"

மருதாயியின் தூக்கிய மோவாய் தாழ்ந்தது. ஊரில் யாரும் அதற்கு முன் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, வாசற்படியைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள்.

"அவளுக்குன்னு எவடி சொன்னா?" குரல் உடைந்திருந்தது. "அந்த அடுப்பு உனக்குடி... உன் நொட்டாங்கைக்குடி, பச்சை!"

பச்சையம்மாளுக்குக் காதில் விழுந்தது, புரியத்தான் இல்லை.

"பொரட்டாசியில நான் காய்ச்சலாக் கெடந்தேனே... நான் தூங்குறேன்னு நெனைச்சுக்கிட்டு நீ எனக்குக் கஞ்சி வச்ச. நொட்டாங்கையால வச்ச. கதவு சந்துல பாத்துக்கிட்டே இருந்தேன். கரண்டி உன் கையில அப்பிடிச் சுழலுது... நீ ஏதோ பாட்டு வேற முணுமுணுக்குற! இத்தனை வருசம் என் வூட்டு அடுப்படியில நீ பாடி நான் கேட்டதே இல்லியேடி... நான் இருமுனேன். சட்டுன்னு கரண்டியைச் சோத்தாங்கைக்கு மாத்துன. பாட்டும் நின்னுபோச்சு. கஞ்சியும் சிந்துச்சு. அன்னிக்குச் சிந்துனது உன் கையில இல்ல, என் நெஞ்சுல!"

"அத்தை..."

"வழுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி! கட்டை அவுத்தவ நான்தானே? நீ என் மானத்தைக் காப்பாத்துன. நான் உன்னை 'வலிக்குதா'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. மன்னிச்சுக்கன்னு சொல்ல எத்தனையோ தரம் வந்தேன்... வாயில வரல. அதான், வாயால சொல்ல முடியாததை மண்ணால சொல்லலாம்னு அடுப்பு செய்யச் சொன்னேன். நீ பாத்துட்டா வேணாம்னுடுவன்னுதான் வாயத் தெறக்காதேன்னேன். கடைசியில அதையும் அடுத்தவளுக்காகத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே... உன்னை வச்சுக்கிட்டு நான் என்னடி செய்வேன்!"

பச்சையம்மாள் ஓடிப்போய் மாமியாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மருதாயி மருமகளின் தழும்பைத் தடவித் தடவி அழுதாள். தர்மராஜ் அழுதான். கிருஷ்ணம்மாள் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். நடுவில் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அப்போ அடுப்படி எனக்கு இல்லியா அத்தை?"

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"அப்பாடா! எனக்கு இன்னும் ரசமே ஒழுங்கா வைக்கத் தெரியாது. ரெண்டு நாளா அக்கா பாத்திரம் பாத்திரமா வாங்கிக் குவிக்கக் குவிக்க எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு!"

அழுகை எங்கே முடிந்தது, சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சந்தடியில் வண்டிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாடு இன்னும் அவுக்கல."

நல்லுசாமிதான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"வேளார் வூட்டுக்குப் போவணும்னா இப்பவே போயிடலாம்" என்று முடித்துவிட்டு, ஒரு வாரத்துக்கான பேச்சைப் பேசிவிட்ட களைப்பில் திரும்பிக்கொண்டார்.

"நானும் வாரேன்!" என்று எழுந்தாள் மருதாயி. "என் கண்ணால பாத்து ஏத்துனாத்தான் எனக்கு நம்பிக்கை. இவளை நம்புனா வழியில எவளுக்காவது தானம் பண்ணிப்புடுவா!"

ஓர் அடுப்புக்காகக் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு போனது. சாமிக்கண்ணு வேளார் விளக்கைத் தூக்கிப் பிடித்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுவும் சரியில்லியா?" என்று அலறினார். விஷயம் தெரிந்ததும் கொடி மாறிய அடுப்பைத் தானே துடைத்துக் கொண்டுவந்தார். வண்டியில் கொண்டுவந்திருந்த மற்ற அடுப்பை மருதாயி திருப்பிக் கொடுக்கப் போனபோது பச்சையம்மாள் தடுத்தாள்.

"அது இருக்கட்டும் அத்தை. எனக்கு எடப்பக்கம், கிருஷ்ணம்மாவுக்கு வலப்பக்கம். ஒண்ணா உக்காந்து சமைப்போம். நான் நொட்டாங்கை, அவ சோத்தாங்கை. முழங்கைகூட இடிக்காது. அப்பிடியே ரசமும் சொல்லித் தாரேன்."

"ஒரே கூரையில ரெண்டு அடுப்புன்னா குடும்பம் பிரிஞ்சுடுச்சும்பாங்களேடி ஊருல!"

"பிரிஞ்சவங்க ஒருத்தர் கொடியில ஒருத்தர் கொழம்பு வைப்பாங்களா?"

மருதாயி யோசித்துப் பார்த்தாள். அப்படிப் பதித்தால் இரண்டு கொடிகளும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை புது வீடு நிறைய உறவு. அடுப்படியில் மாக்கோலம், மாவிலை. புதுத் தவலையின் கழுத்தில் மஞ்சள் கொத்து. பச்சையம்மாள் அடுப்பின் முன் குந்தி, பால் செம்பை எடுத்தாள். இத்தனை ஜனத்தைப் பார்த்ததும் பழைய பயம் வந்துவிட்டது. செம்பு தானாக வலது கைக்குப் போனது.

"அந்தக் கை இல்லடி" என்றாள் மருதாயி.

அருகில் வந்து உட்கார்ந்தாள். மருமகளின் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு காலத்தில் சேலைக் கிழிசலால் கட்டிய அதே இடத்தில் மஞ்சள் தடவிய புது நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு செம்பை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"என்ன மருதாயி, நல்ல காரியத்துல போயி நொட்டாங்கையா?" என்று உறவுக்காரி ஒருத்தி மோவாயில் கை வைத்தாள்.

"உன் வூட்டுப் பாலு கையைப் பாத்துத்தான் பொங்குமோ? என் வூட்டுப் பாலு மனசைப் பாத்துப் பொங்கும். சும்மா இரு!"

பச்சையம்மாள் இடது கையால் பாலை ஊற்றினாள். அடுப்பில் நெருப்பு நன்றாக எரிந்தது. நுரை கூடிக் கூடி எழுந்து தவலையின் விளிம்பைத் தாண்டி வழிந்தபோது வீடே குலவையிட்டது. கிருஷ்ணம்மாளின் குலவை தனியாகக் கேட்டது.

முதல் பாலை ஒரு தம்ளரில் ஊற்றி, பச்சையம்மாள் மாமியாரிடம் நீட்டினாள். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று கவனித்தாள். மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

மருதாயி விடவில்லை. தன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி அந்தப் பாலை வாங்கிக்கொண்டாள்.